பஞ்சு தெற்கில், ஆலை வடக்கில்: அடிமை ஒழிப்பு இயக்கம் எங்கிருந்து வந்தது?

செங்காந்தள் எழுதியது:

போட்டித் தேர்வு எழுதுபவர்களுக்கு உலக வரலாறு நடத்துகிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முந்தைய காலத்துக்கு வந்தால் கையேடுகள் எல்லாம் ஒரே வாய்பாட்டை ஒப்பிக்கின்றன: வடக்கில் தொழிற்சாலை, ஆகவே சுதந்திர உழைப்பு, தெற்கில் பண்ணை, ஆகவே அடிமை முறை, இரண்டும் ஒத்துப்போகாமல் மோதிக்கொண்டன. மாணவர்கள் இதை எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். ஆனால் இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

வடக்கின் முதல் பெரிய தொழிற்சாலைகள் துணி ஆலைகள். அவற்றுக்குப் பஞ்சு கொடுத்தது தெற்கு. அப்படியானால் வடக்கின் தொழில் வளர வளர அடிமை முறை தளர்ந்திருக்குமா, இறுகியிருக்குமா? அடிமை ஒழிப்பு இயக்கமும் அதே வடக்கில், ஆலை முதலாளிகள் குடியிருந்த அதே பாஸ்டனில்தான் ஓங்கி ஒலித்தது. இது எப்படி நடந்தது?

இன்னொன்று. வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது 1808 ஜனவரி 1 முதல் சட்டவிரோதம். ஆனால் 1790 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 7 லட்சமாக இருந்த அடிமைகளின் எண்ணிக்கை 1860இல் 39.5 லட்சம். வரத்து நின்ற பிறகு இவ்வளவு பெருக்கம் எப்படி? தெரிந்தவர்கள் விரிவாக எழுதுங்கள்.

கரிசல் எழுதியது:

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். முதல் கேள்வியின் பாதி விடை அதற்குள் இருக்கிறது.

கடலோரத் தீவுகளில் விளைந்த நீள இழைப் பருத்தியில் கொட்டை சுலபமாகக் கழன்றுவிடும். உள்நாட்டு நிலங்களில் விளையக்கூடிய குட்டை இழைப் பருத்தியில் கொட்டை பஞ்சை விடாது. ஓர் ஆள் விடிந்ததிலிருந்து உட்கார்ந்தாலும் ஒரு பவுண்டு பஞ்சு பிரிப்பது பெரும்பாடு. 1793இல் எலி விட்னி உருவாக்கிய ஜின் என்ற கொட்டை பிரிக்கும் இயந்திரம் அந்த முட்டுக்கட்டையை உடைத்தது. அதற்குப் பிறகு பருத்திக்குத் தேவைப்பட்டவை இரண்டுதான்: நிலம், ஆள்.

நிலம் அங்கே வாழ்ந்த பழங்குடிகளிடமிருந்து பிடுங்கப்பட்டது. 1830இல் வெளியேற்றச் சட்டம் வந்தது. சாக்டா, கிரீக், சிக்கசா, செரோக்கி மக்கள் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே விரட்டப்பட்டார்கள். 1838–39இல் நடத்திச் செல்லப்பட்ட செரோக்கிகளில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அவர்கள் விட்டுப்போன மண்தான் ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி மாநிலங்களின் பருத்திக் காடாயிற்று.

ஆட்கள் வர்ஜீனியாவிலிருந்தும் மேரிலாந்திலிருந்தும் வந்தார்கள். அங்கே புகையிலை மண்ணை உறிஞ்சித் தீர்த்திருந்தது. பண்ணையார்கள் கோதுமைக்கு மாறியிருந்தார்கள். அதற்கு அத்தனை ஆள் வேண்டாம். தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்பது சட்டம். ஆகவே வரத்து நின்றது உள்ளூர் வியாபாரிகளுக்கு நட்டமாக இல்லை, இருப்பின் விலை ஏறியது. இரண்டு ஆண்டுக்கு ஒரு பிள்ளை பெறும் பெண் பண்ணையின் மிகச் சிறந்த ஆண் ஆளைவிட லாபம் என்று ஜெபர்சன் 1820இல் கடிதம் எழுதினார். மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய அதே ஜெபர்சன். 1790க்கும் 1860க்கும் இடையே சுமார் 10 லட்சம் பேர் இப்படி மேல் தெற்கிலிருந்து ஆழ் தெற்குக்குப் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டார்கள். விற்கப்பட்டவர்கள் பெரும்பகுதி, பண்ணையாரோடு போனவர்கள் மீதி.

பிராங்க்ளின், ஆர்ம்ஃபீல்டு என்ற இருவர் 1828இல் அலெக்சாண்ட்ரியாவில் தொடங்கிய நிறுவனம் இதில் பெரும்புள்ளி. அலெக்சாண்ட்ரியா அப்போது தலைநகர் வாஷிங்டன் மாவட்டத்துக்குள் இருந்தது என்பதைக் கவனியுங்கள். அங்கிருந்து ஆண்களைச் சங்கிலியில் கோத்து, பெண்களையும் குழந்தைகளையும் கூடவே நடத்தி, மிசிசிப்பி மாநிலத்தின் நாட்செஸ் சந்தை வரை கொண்டுபோனார்கள். கப்பலில் நியூ ஆர்லியன்ஸுக்கும் அனுப்பினார்கள்.

ஒரு விற்பனையை மட்டும் சொல்கிறேன். 1838இல் மேரிலாந்து இயேசு சபையினர் தங்கள் பண்ணைகளில் இருந்த 272 பேரை லூசியானாவுக்கு விற்க ஒப்பந்தம் எழுதினார்கள். விலை 1,15,000 டாலர். அவர்கள் நடத்திய ஜார்ஜ்டவுன் கல்லூரிக்குக் கடன் இருந்தது. குடும்பங்களைப் பிரிக்கக் கூடாது, பணத்தைக் கடன் அடைக்கப் பயன்படுத்தக் கூடாது என்று ரோமிலிருந்து நிபந்தனை வந்தது. இரண்டும் மீறப்பட்டன. பட்டியலின் முதல் பெயர் ஐசக், வயது 65. அறுபத்தைந்து வயதுக் கிழவரைப் பிள்ளை, பேரன் பேத்திகளோடு பெயர் வரிசைப்படி எழுதி, கீழே ஒரு பாதிரியார் கையெழுத்திட்டிருக்கிறார்.

ஆலைத்தறி எழுதியது:

கரிசல் பறித்த பஞ்சு எங்கே போனது என்பதை நான் தொடர்கிறேன்.

பெரும்பகுதி லிவர்பூல் வழியாக லங்காஷயர் ஆலைகளுக்குப் போனது. ஒரு பகுதி நியூ இங்கிலாந்துக்கு. பிரான்சிஸ் கேபட் லோவெல் என்ற பாஸ்டன் வணிகர் இங்கிலாந்து ஆலைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, விசைத்தறியை மனத்திலிருந்தே மறுபடி வடிவமைக்கச் செய்தார். வால்தமில் நூற்பும் நெசவும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் ஆலை எழுந்தது. அவர் இறந்த பிறகு கூட்டாளிகள் மெரிமாக் ஆற்றங்கரையில் எழுப்பிய ஆலை நகரம் 1826இல் அவர் பெயரையே சூடிக்கொண்டது.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. 1816 சுங்கச் சட்டத்தில் பருத்தித் துணிக்கு ஒரு விதி நுழைக்கப்பட்டது. எவ்வளவு மலிவான துணியாக இருந்தாலும் கெஜம் 25 சென்ட் என்று மதிப்பிட்டே வரி போட வேண்டும். லோவெல் அதற்காக வாஷிங்டனில் ஆள் பிடித்து வேலை செய்தார். அந்த விதி குறிவைத்தது இந்தியாவிலிருந்து வந்த மலிவுத் துணியை. நம் கைத்தறியை வெளியே தள்ளிய இடத்தில்தான் அந்த ஆலைகளின் முரட்டுத்துணி உட்கார்ந்தது.

அந்த முரட்டுத்துணியை யார் உடுத்தினார்கள்? ரோட் ஐலண்டில் ‘நீக்ரோ துணி’ என்று பெயர் வைத்தே ஒரு தொழில் நடந்தது. பருத்தியும் மட்டக் கம்பளியும் கலந்து நெய்து, தெற்குப் பண்ணைகளுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று மொத்தமாக விற்பார்கள். பீஸ் டேல் ஊரின் ஹசார்டு குடும்பம் இதில் பெயர்பெற்றது. ரோலண்ட் ஹசார்டு சரக்கு விற்கக் குளிர்காலங்களில் நியூ ஆர்லியன்ஸ் போவார். அங்கே வடக்கைச் சேர்ந்த சுதந்திரக் கறுப்பினத்தவர்களைப் பிடித்துச் சங்கிலியிட்டு வேலை வாங்குவதைக் கண்டு, 1841–42இல் வழக்கறிஞர் வைத்துப் போராடிப் பலரை மீட்டார். அதே பயணத்தில் அடிமைகளுக்கான துணிக்கு ஆர்டரும் வாங்கினார். இதைப் பாசாங்கு என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு விருப்பமில்லை. அவர் மீட்ட மனிதர்கள் உண்மையிலேயே மீண்டார்கள். ஆனால் அவருடைய கணக்குப் புத்தகம் எந்த மண்ணில் நின்றது என்பதும் உண்மை.

ஆலைகளோடு முடியவில்லை. ஓஹாயோ பள்ளத்தாக்கின் பன்றி இறைச்சியும் சோளமும் ஆற்றில் இறங்கித் தெற்குக்குப் போயின. சின்சினாட்டி அதில் கொழுத்தது. கென்டக்கிச் சணல் பஞ்சுப் பொதிக்குச் சாக்கு ஆயிற்று. நியூயார்க் வணிகர்கள் கப்பல், காப்பீடு, முன்பணக் கடன் எல்லாம் கொடுத்துத் தரகு எடுத்தார்கள். கடனுக்கு ஈடு மனிதர்கள். ஜேபி மார்கன் சேஸ் வங்கி 2005இல் தானே வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள்: பின்னாளில் அதனோடு இணைந்த இரண்டு லூசியானா வங்கிகள் சுமார் 13,000 அடிமைகளை ஈடாக ஏற்றன, கடன் திரும்பாததால் ஏறக்குறைய 1,250 பேர் வங்கியின் உடைமையானார்கள்.

1848இல் மாசசூசெட்ஸ் அரசியல்வாதி சார்ல்ஸ் சம்னர் சாட்டையின் பிரபுக்களும் தறியின் பிரபுக்களும் கைகோத்துவிட்டார்கள் என்று மேடையில் பேசினார். மாசசூசெட்ஸ் விக் கட்சிக்காரர்களையே ‘பஞ்சு விக்’, ‘மனசாட்சி விக்’ என்று இரண்டாகப் பிரித்துப் பேசும் அளவுக்கு அந்தப் பிளவு வெளிப்படையாக இருந்தது.

தென்பொதிகை எழுதியது:

இரண்டு பதிவுகளும் செறிவானவை. ஆனாலும் ஒரு கடிவாளம் போட வேண்டியிருக்கிறது.

‘அமெரிக்கப் பொருளாதாரத்தில் பாதி பருத்தி’ என்று இப்போது இணையத்தில் அடித்துவிடுகிறார்கள். 1830களின் நடுவிலிருந்து போர் வரை நாட்டின் ஏற்றுமதியில் பாதிக்கு மேல் பருத்தி என்பது சரி. ஆனால் ஏற்றுமதியே மொத்த உற்பத்தியில் சிறு பங்கு. பருத்தி விளைச்சலின் மதிப்பு மொத்த உற்பத்தியில் இருபதில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும். விதை, கருவி, நிலம், ஆள் விலை, துணி என்று ஒவ்வொரு படியிலும் அதே பணத்தைத் திரும்பத் திரும்பக் கூட்டினால் பாதி என்ன, முழுதுமே வந்துவிடும்.

வடக்கின் வளர்ச்சிக்குத் தனி இயந்திரம் இருந்தது. 1825இல் திறக்கப்பட்ட ஈரி கால்வாய் 363 மைல். ஏரிக்கரை நகரமான பஃபலோவிலிருந்து ஆல்பனி வழியாக நியூயார்க் துறைமுகத்துக்கு ஒரு டன் சரக்கை அனுப்ப 100 டாலர் ஆன இடத்தில் 10 டாலர் போதும் என்றாயிற்று. ஓஹாயோ, இந்தியானா உழவர்கள் நேரே கிழக்குக்கு விற்றார்கள். கலப்பை, காலணி, கடிகாரம் வாங்கினார்கள். 1840, 1850களில் மேற்கின் சரக்கு ஆற்றில் தெற்கே இறங்குவதைவிடக் கால்வாயிலும் ரயிலிலும் கிழக்கே போவது ஓங்கியது. தெற்கை நம்பி வடக்கு மூச்சுவிட்டது என்றால், போர் வந்து பஞ்சு நின்றபோது அது செத்திருக்க வேண்டும். சாகவில்லையே.

செங்காந்தள் எழுதியது:

தென்பொதிகை ஐயா, அளவைத் திருத்தியதற்கு நன்றி. மாணவர்களுக்கு அவசியம் சொல்கிறேன். ஆனால் பருத்தி இருபதில் ஒரு பங்குதான் என்றால், ஒழிப்பாளர்கள் மேல் வடக்கில் அவ்வளவு வெறி எதற்கு? 1834 ஜூலையில் நியூயார்க்கில் லூயிஸ் டாப்பன் வீட்டுச் சாமான்களைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். 1835 அக்டோபரில் பாஸ்டனில் ஒழிப்பு இதழ் நடத்திய வில்லியம் லாயிட் கேரிசனைக் கயிறு கட்டி இழுத்தார்கள். உயிரைக் காப்பாற்றச் சிறையில் அடைக்க வேண்டியதாயிற்று. 1837 நவம்பர் 7 அன்று இல்லினாய் மாநிலத்தின் ஆல்டனில் பத்திரிகையாளர் எலைஜா லவ்ஜாய் தம் நான்காவது அச்சு இயந்திரத்தைக் காவல்காக்கும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். முதல் மூன்றும் முன்பே நொறுக்கப்பட்டிருந்தன. பிலடெல்பியாவில் ஒழிப்பாளர்கள் கட்டி 1838 மே 14 அன்று திறந்த பென்சில்வேனியா மண்டபம் 17ஆம் தேதி சாம்பல். எல்லாம் வடக்கு. இவை கூலிக் கும்பல்களின் வேலையா?

மணிமொழி எழுதியது:

இல்லை. பாஸ்டனில் கேரிசனை இழுத்த கூட்டத்தை ‘சொத்தும் செல்வாக்கும் உள்ள கனவான்கள்’ என்றே அந்தக் காலத்தில் சொன்னார்கள். வணிகர்களும் வழக்கறிஞர்களும் பட்டப்பகலில் கூடிய கூட்டம் அது. மொத்த உற்பத்தியில் பங்கு சிறிதாக இருக்கலாம். அந்தப் பங்கு யார் கையில் இருந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும். துறைமுகம், வங்கி, பத்திரிகை, கட்சி எல்லாம் அந்தக் கைகளில் இருந்தன. இன்னொரு பக்கம், கறுப்பினத்தவர் தங்களுக்குச் சமமாக வந்துவிடுவார்கள் என்ற அச்சத்தில் ஏழை வெள்ளையரும் கல்லெடுத்தார்கள். இரண்டும் சேர்ந்ததால்தான் அவ்வளவு வெறி.

இந்த இழையில் இதுவரை ஒருவர்கூடச் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். இயக்கத்தைத் தொடங்கியவர் கேரிசன் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அவருக்குப் பதினான்கு ஆண்டு முன்பு, 1817 ஜனவரியில், பிலடெல்பியாவின் பெத்தேல் தேவாலயத்தில் ஏறக்குறைய 3,000 கறுப்பின மக்கள் கூடினார்கள். சுதந்திரக் கறுப்பினத்தவர்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிடலாம் என்று அதற்கு முந்தைய மாதம் வாஷிங்டனில் பெரிய மனிதர்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்திருந்தார்கள். பாய்மரத் தொழிலில் செல்வந்தரான ஜேம்ஸ் ஃபோர்ட்டன், பேராயர் ரிச்சர்ட் ஆலன் போன்ற தலைவர்களுக்கே அந்தத் திட்டத்தில் கொஞ்சம் நாட்டம் இருந்தது. ஆதரிப்பவர்கள் குரல் கொடுங்கள் என்றபோது ஒரு குரலும் எழவில்லை. எதிர்ப்பவர்கள் என்றதும் எழுந்த முழக்கத்தில் மண்டபச் சுவரே விழுந்துவிடும்போல இருந்தது என்று ஃபோர்ட்டன் பின்னாளில் நினைவுகூர்ந்தார். தெற்கில் அடிமைப்பட்டிருக்கும் உறவுகளை விட்டுவிட்டு நாங்கள் மட்டும் போக மாட்டோம் என்று தீர்மானம் போட்டார்கள். இயக்கத்தின் முதல் அடி அங்கே விழுந்தது.

1829இல் பாஸ்டனில் பழைய துணிக்கடை வைத்திருந்த டேவிட் வாக்கர், அடிமைகள் எழ வேண்டும் என்று பகிரங்கமாக அறைகூவும் ஒரு சிறு பிரசுரத்தை அச்சிட்டார். கடலோடிகள் வழியே அது தெற்குத் துறைமுகங்களில் இறங்கியது. ஜார்ஜியா அரசு பதறிச் சட்டம் போட்டது. வாக்கர் அடுத்த ஆண்டே இறந்தார். 1831 ஜனவரி 1 அன்று கேரிசன் தம் வார இதழைத் தொடங்கியபோது, முதல் சந்தாதாரர்களில் பெரும்பாலோர் சுதந்திரக் கறுப்பினத்தவர்கள். அவர்களுடைய காசில்தான் அது மூச்சுவிட்டது.

வெள்ளையரிடம் இது பரவியதற்கு மதப் புத்தெழுச்சி பெரிய காரணம். ஈரி கால்வாயின் கரையில் இருந்த ராச்செஸ்டரில் 1830–31இல் போதகர் சார்ல்ஸ் ஃபின்னி நடத்திய கூட்டங்களில், பாவம் என்று தெரிந்தால் இன்றே விடு, நாளை என்று தள்ளாதே என்பதே செய்தி. மதுவிலக்குக்குச் சொன்னதை அடிமை முறைக்கும் சொன்னால் ‘படிப்படியாக’ என்ற பேச்சுக்கு இடமே இல்லை. பட்டு வணிகர்களான டாப்பன் சகோதரர்கள் பணத்தைக் கொட்டினார்கள். 1833 டிசம்பரில் அமெரிக்க அடிமை ஒழிப்புச் சங்கம் பிறந்தது. ஐந்தே ஆண்டில் 1,300க்கும் அதிகமான கிளைகள்.

பெண்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். சார்ல்ஸ்டனில் அடிமைகளை வைத்திருந்த நீதிபதி ஒருவரின் மகள்கள் சாரா கிரிம்கே, ஏஞ்சலினா கிரிம்கே. வீட்டை விட்டு வடக்கே வந்து, தாங்கள் கண்ணால் கண்டதைப் பேசினார்கள். பென்சில்வேனியா மண்டபம் எரிவதற்கு முந்தைய நாள் இரவு ஜன்னல்கள் மீது கல் விழுந்துகொண்டிருக்க ஏஞ்சலினா ஒரு மணி நேரத்துக்கும் மேல் பேசினார், நிறுத்தவில்லை. வாக்குரிமை இல்லாத பெண்கள் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி மனுக்களை மூட்டை மூட்டையாக நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1836இல் கீழவை அந்த மனுக்களைப் படிக்காமலே ஒதுக்க விதி செய்தது. முன்னாள் குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் உறுப்பினராக அமர்ந்து எட்டு ஆண்டு விடாமல் முட்டி, 1844இல் அந்த விதியை உடைத்தார். இதில் அடிமை முறையைப் பற்றிக் கவலையே படாத வடக்கத்தியர்கள் பலர், தங்கள் மனுவையே குப்பையில் போடுகிறார்களே என்று சினந்து இந்தப் பக்கம் வந்தார்கள்.

கரிசல் எழுதியது:

தென்பொதிகை எழுப்பிய அளவுக் கேள்விக்குள் இன்னொரு சண்டை இருக்கிறது. ஓர் ஆள் ஒரு நாளில் எடுக்கும் பருத்தி 1801க்கும் 1862க்கும் இடையே நான்கு மடங்கு ஆயிற்று. இது எப்படி?

சாலமன் நார்த்தப் நியூயார்க்கைச் சேர்ந்த சுதந்திர மனிதர். 1841இல் வாஷிங்டனில் மயக்கிக் கடத்தப்பட்டு, லூசியானாவில் பன்னிரண்டு ஆண்டு அடிமையாக இருந்து மீண்டார். அவர் சொன்னது: நாளுக்கு 200 பவுண்டு எடுப்பது வழக்கமான அளவு. இருட்டும் வரை எடுத்துவிட்டுக் கூடைகளோடு ஜின் கொட்டகைக்கு நடக்கும்போது ஒவ்வொருவரும் அச்சத்தோடுதான் நடப்பார்கள். எடை குறைந்தால் சாட்டை. எடை பத்து இருபது பவுண்டு கூடினால் நாளைக்கு அதுவே அளவு. குறைந்தாலும் அடி, கூடினாலும் அடுத்த நாள் அடிக்கு வழி. எடைக்கல்லையும் சாட்டையையும் கணக்கு நோட்டையும் ஒன்றாகப் பூட்டிய அந்த முறையைத்தான் நான் உற்பத்திப் பெருக்கத்துக்குக் காரணம் என்பேன்.

தென்பொதிகை எழுதியது:

கொடுமையை யாரும் மறுக்கவில்லை. ஆனால் சாட்டை 1750லும் இருந்தது. நான்கு மடங்கு உயர்வுக்கு விதையைப் பாருங்கள். 1800களின் தொடக்கத்தில் மெக்சிகோவிலிருந்து வந்த ரகங்களைக் கலந்து, மிசிசிப்பிப் பண்ணையார்கள் ‘பெட்டி கல்ஃப்’ போன்ற புதிய ரகங்களை உண்டாக்கினார்கள். காய் பெரிது, நன்றாக வெடிக்கும், சுளை கையோடு வரும். அந்த விதையையே வியாபாரமாக விற்றார்கள். பண்ணைகளின் எடைக் குறிப்பேடுகளை ஒப்பிட்ட பொருளியல் ஆய்வு இதைத்தான் காட்டுகிறது. புதிய ரகம் போன பண்ணையில் எடுப்பு ஏறுகிறது.

கரிசல் எழுதியது:

எங்கள் பக்கம் பருத்தி எடுக்கப் போன எவரையும் கேளுங்கள், ரகத்துக்கு ரகம் கைவேகம் மாறும் என்பார்கள். காய் வாய் பிளக்காத ரகத்தில் ஓடு குத்தி விரல் நுனியெல்லாம் கிழியும், சுளை பாதி உள்ளேயே நின்றுவிடும். நன்றாக வெடித்த காயில் ஒரே இழுப்பு. ஆகவே விதை பற்றி ஐயா சொன்னதை ஏற்கிறேன்.

ஆனால் எங்கள் பக்கத்தில் எடுப்பு கூடினால் கூலி கூடும், அல்லது பொழுதோடு வீட்டுக்குப் போகலாம். அங்கே நல்ல விதை வந்ததால் எந்த அடிமையும் ஒரு மணி நேரம் முன்னதாகக் குடிசைக்குப் போகவில்லை. விதை கொடுத்த ஆதாயம் முழுவதும் எடைக்கல்லின் வழியாகப் பண்ணையாருக்குப் போனது. எடுக்க முடிகிற அளவை விதை உயர்த்தியது, எடுத்தே தீர வேண்டிய அளவைச் சாட்டை அதோடு உயர்த்தியது. எடை நோட்டில் முதலாவது மட்டும்தான் பதிவாகும்.

தென்பொதிகை எழுதியது:

ஆதாயம் யாருக்கு என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். காரணம் எது என்பதில் இல்லை.

ஆலைத்தறி எழுதியது:

லோவெல் ஆலைப் பெண்களைத் தவிர்த்துவிட்டுச் சீர்திருத்த இயக்கங்களைப் பேச முடியாது. பண்ணை வீடுகளிலிருந்து வந்த இளம்பெண்கள். ஆலை விடுதியில் தங்கி, மணி அடித்தால் எழுந்து, வாரத்துக்கு எழுபது மணி நேரத்துக்கு மேல் வேலை. 1834 பிப்ரவரியில் கூலிக் குறைப்பை எதிர்த்து வெளியேறினார்கள். 1836இல் விடுதிக் கட்டண உயர்வை எதிர்த்து இன்னும் பெரிய எண்ணிக்கையில். 1840களில் சாரா பேக்லி தலைமையில் சங்கம் அமைத்துப் பத்து மணி நேர வேலை கேட்டு ஆயிரக்கணக்கில் கையெழுத்துத் திரட்டினார்கள். 1845இல் மாசசூசெட்ஸ் சட்டமன்றக் குழுவின் முன் நேரில் சாட்சி சொன்னார்கள். நேரம் அதிகம்தான், ஆனால் சட்டம் போடுவது எங்கள் வேலை இல்லை என்று குழு கைவிரித்தது.

இந்தப் பெண்களில் பலர் அடிமை ஒழிப்பு மனுக்களிலும் கையெழுத்திட்டார்கள். தாங்கள் நூற்கும் பஞ்சு எங்கிருந்து வருகிறது என்று அவர்களுக்குத் தெரியும். அதே நேரம் தொழிலாளர் தலைவர்கள் சிலர், ‘வடக்கின் கூலி அடிமைத்தனத்தை முதலில் கவனியுங்கள்’ என்று ஒழிப்பாளர்களோடு மல்லுக்கு நின்றார்கள். எனக்கு ஆலைத் தொழிலாளர் மேல் முழுப் பரிவு உண்டு. ஆனால் அந்த வாதத்தை ஏற்க மாட்டேன். பேக்லி ஆலையை விட்டு வெளியேறித் தந்தி அலுவலகத்தில் வேலைக்குப் போனார். கரிசல் சொன்ன விற்பனைப் பட்டியலின் ஐசக் எங்கே போயிருக்க முடியும்?

நெய்தல் எழுதியது:

ஆலைத்தறி சொன்ன லோவெலுக்கு 1834இல் ஜார்ஜ் தாம்ப்சன் என்ற ஆங்கிலேய ஒழிப்பாளர் பேச வந்தார். ஜன்னல் வழியே பறந்து வந்த செங்கல் அவர் தலையைத் தப்பியது. கேரிசனை இழுத்த பாஸ்டன் கூட்டம் முதலில் தேடியதும் அவரைத்தான். உயிர் தப்பி இங்கிலாந்து திரும்பிய அவர் அடுத்து எடுத்த வேலை நம்மைத் தொடுகிறது.

குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர் வெகுகாலமாகவே அடிமை உழைப்பில் விளைந்த சர்க்கரையையும் பருத்தியையும் வாங்க மறுத்து, ‘சுதந்திர விளைபொருள்’ கடைகளை நடத்தினார்கள். விலை அதிகம், தரம் சுமார், சரக்கு போதாது. கடைகள் தள்ளாடின. இதற்குத் தீர்வு இந்தியா என்றார் தாம்ப்சன். இந்திய உழவர் பயிரிட்ட பருத்தி லங்காஷயரில் மலிவாகக் கிடைத்தால் அமெரிக்க அடிமை முறை தானே சாயும் என்பது கணக்கு. 1839இல் லண்டனில் பிரிட்டிஷ் இந்தியா சங்கம் தொடங்கப்பட்டது.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் பருத்தி வேண்டும், ஆனால் வேறு காரணத்துக்காக. 1840இல் அது மிசிசிப்பிப் பகுதியிலிருந்து அமெரிக்கப் பண்ணை வல்லுநர்கள் பத்துப் பேரைக் கூலிக்கு அமர்த்தி இந்தியாவுக்கு அழைத்துவந்தது. சென்னை மாகாணத்துக்கு வந்தவர்களோடு கோயம்புத்தூரில் சோதனைப் பண்ணை நடந்தது. 1842 முதல் அதை மேற்பார்த்தவர் தாவரவியலாளர் ராபர்ட் வைட். அடிமைகளை மேய்த்துப் பருத்தி கற்றவர்கள் கொங்கு நாட்டு உழவருக்குப் பருத்தி கற்பிக்க வந்தார்கள்! நம் மண்ணுக்கும் மழைக்கும் அவர்கள் கொண்டுவந்த முறை ஒட்டவில்லை. வைட் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டும் பெரிதாகப் பரவவில்லை. தார்வாரில்தான் அமெரிக்க ரகம் ஊன்றியது.

தாம்ப்சன் நம்பிய ‘சுதந்திர உழைப்பு’ இங்கே எவ்வளவு சுதந்திரம் என்பதையும் பார்க்க வேண்டும். பிரிட்டனின் 1833 ஒழிப்புச் சட்டம் கம்பெனி ஆண்ட பகுதிகளைத் தொடவில்லை. பண்ணையாட்கள் நிலத்தோடு சேர்த்துக் கைமாறிய மாவட்டங்கள் சென்னை மாகாணத்தில் இருந்தன. 1843இன் ஐந்தாம் சட்டம் வந்த பிறகுதான் இங்கே அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்க மறுத்தன. கட்டிவைத்து வேலை வாங்குவது அதற்குப் பிறகும் நீண்டகாலம் தொடர்ந்தது.

மணிமொழி எழுதியது:

தெற்கு எப்படி இறுகியது என்பதையும் சேர்த்துவிடுகிறேன். 1831 ஆகஸ்டில் வர்ஜீனியாவின் சவுதாம்ப்டனில் நாட் டர்னர் கிளர்ச்சி நடந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட வெள்ளையர் கொல்லப்பட்டார்கள்; பழிக்குப் பழியாக அதைவிட அதிகமான கறுப்பினத்தவர். அடுத்த குளிர்காலத்தில் வர்ஜீனியா சட்டமன்றம் அடிமை முறையை மெல்ல ஒழிக்கலாமா என்று வெளிப்படையாக விவாதித்தது. மேற்கு மலைப்பகுதி உறுப்பினர்கள் ஆதரித்தார்கள், கீழைப் பண்ணையார்கள் தோற்கடித்தார்கள். ஆள் விற்பனையே வரும்படியான மாநிலம் எப்படி ஒப்புக்கொள்ளும்? அதன்பின் எழுத்தறிவுத் தடை, கூட்டத் தடை. 1835 ஜூலையில் சார்ல்ஸ்டன் அஞ்சலகத்தில் புகுந்து ஒழிப்பாளர்களின் அஞ்சல் மூட்டைகளைத் தெருவில் எரித்தார்கள். 1837இல் தென் கரோலினாவின் கால்ஹூன் செனட் அவையில் அடிமை முறை தீமையே அல்ல, நன்மை என்றார். ஜெபர்சன் தலைமுறை அதை வேண்டாத சுமை என்று வாயளவிலாவது சொல்லிவந்தது. பஞ்சு விலை அந்த வாயையும் அடைத்துவிட்டது.

செங்காந்தள் எழுதியது:

கடைசியாக ஒன்று கேட்கிறேன். வடக்கின் செல்வாக்குள்ளவர்களின் பை தெற்கோடு கட்டப்பட்டிருந்தது என்றால், அந்தக் கட்டு எங்கே அவிழ்ந்தது? ஈரி கால்வாயிலா, ஃபின்னியின் மேடையிலா?

மணிமொழி எழுதியது:

என் பார்வையில், தப்பியோடியவர்களின் கால்களில். சங்கங்கள் பேசின, மனுக்கள் போயின. ஆனாலும் வடக்கத்தியருக்கு அடிமை முறை தொலைதூரத்துச் செய்தியாகவே இருந்தது. 1838இல் மேரிலாந்திலிருந்து தப்பிய பிரெடரிக் டக்ளஸ் மேடையேறிப் பேசியபோது அந்தத் தொலைவு குறைந்தது. ஓடியவர்களைப் பிடிக்க வடக்கத்தியரே உதவ வேண்டும் என்று 1850 சட்டம் கட்டாயப்படுத்தியபோது தொலைவே இல்லாமல் போனது.

1854இல் அந்தோணி பர்ன்ஸ் என்ற இளைஞர் வர்ஜீனியாவிலிருந்து தப்பிவந்து பாஸ்டனில் பிடிபட்டார். ராணுவத்தை வரிசையாக நிறுத்தி, துறைமுகம் வரை அவரை நடத்திக் கப்பலேற்றினார்கள். கடைகளில் கறுப்புத் துணி தொங்கியது. ஏமஸ் லாரன்ஸ் லோவெல் ஆலைகளில் பணம் போட்ட குடும்பத்தவர், சமரசம் பேசிவந்த பழமைவாதி. ஓரிரவு நாங்கள் பழைய சமரச விக்குகளாகப் படுத்தோம், முழுப் பித்துப் பிடித்த ஒழிப்பாளர்களாக எழுந்தோம் என்று அவர் எழுதினார். அதே லாரன்ஸ் கான்சாஸில் அடிமை முறையை எதிர்த்துக் குடியேறுவோருக்குப் பணமும் துப்பாக்கியும் அனுப்பினார். அவருடைய லாபக் கணக்கு முந்தைய வாரத்திலிருந்து சல்லிக்காசு மாறவில்லை.

தென்பொதிகை எழுதியது:

லாரன்ஸ் மாறினார், மறுக்கவில்லை. ஆனால் அவர் துணிந்து மாறக்கூடிய நிலைமையைக் கால்வாயும் ரயிலும் முன்பே உண்டாக்கியிருந்தன. 1835இல் தெற்கத்திய வாடிக்கையாளர் கோபித்தால் நியூயார்க் வணிகர் திவால். 1854இல் அவருக்குச் சிகாகோ இருந்தது. பர்ன்ஸ் இருபது ஆண்டு முன்னால் பிடிபட்டிருந்தால் பாஸ்டன் இப்படி எழுந்திருக்குமா?

மணிமொழி எழுதியது:

இருபது ஆண்டு முன்னால் பிடிபட்டவர்களுக்காகப் பாஸ்டனின் கறுப்பின மக்கள் எழுந்தார்கள், ஐயா. 1836இல் ஓடிவந்தவர்கள் என்று சொல்லி இரண்டு பெண்களை நீதிமன்றத்தில் நிறுத்தியபோது, கறுப்பினப் பெண்களே பெருங்கூட்டமாக உள்ளே புகுந்து அவர்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சிகாகோவுக்கு ரயில் வரும் வரை அவர்கள் காத்திருக்கவில்லை. பர்ன்ஸையும் கடைசியில் மீட்டது பாஸ்டனின் கறுப்பினத் தேவாலயம் ஒன்றின் போதகர் லெனர்டு கிரைம்ஸ் தலைமையில் திரட்டிய பணம்தான். 1855இல் விலை பேசி வாங்கி விடுவித்தார்கள், 1,300 டாலர்.